பாட்டியின் பெயரும் சாதிப் பட்டமும்

சிங்கப்பூரில் வாழும் தமிழர் தேக்கா என்னும் பெயரை ஒரு நாளில் எத்தனை முறை சொல்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பார் இலர். மீன் வாங்கவும் முருங்கைக்காய் வாங்கவும் பூச்சரம் வாங்கவும் தேக்காவுக்கே போகின்றோம். ஆயினும் அப்பெயர் தமிழ்ப் பெயர் அன்று. ஹொக்கியன் சீனர் மொழியில் 'தெக் கா' என்பதற்கு மூங்கிலடி என்று பொருள். ரோச்சோர் கால்வாயின் ஓரத்தில் மூங்கில் வளர்ந்திருந்த காலத்தில் சீனர் இட்ட பெயரைத் தமிழர் தம் நாவுக்கு இசைய மாற்றித் தமதாக்கிக்கொண்டனர்.

இப்பெயருக்கு ஒரு சோதனையும் நேர்ந்தது. 1915ஆம் ஆண்டு முதல் நின்ற பழைய சந்தை போய், 1982இல் சாலையின் மறுபுறத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அதற்கு மாண்டரின் மொழி ஒலிப்பின்படி 'சூஜியாவ்' என்று பெயர் சூட்டினர். அதற்கும் மூங்கிலடி என்பதே பொருள். ஆனால் மக்கள் அப்பெயரை அறிந்துகொள்ளவில்லை. சீனருள்ளும் பலர் பழைய பெயரையே வழங்கினர். தமிழரும் மலாயரும் புதுப் பெயரை நாவிலும் ஏற்றவில்லை. 2000ஆம் ஆண்டில் பலகை மாறித் தேக்கா என்ற பெயரே மீண்டது. பொருள் கெடாமல் பெயரைத் திருத்தினாலும், அதனை வழங்கிவந்த வாய்களுக்கு அப்பெயர் அயலாகிவிடும் என்பதனை அதிகாரிகள் உணர 18 ஆண்டுகள் ஆயின.

இடத்தின் பெயருக்கு நேர்ந்த இது மக்களின் பெயருக்கும் நேர்வதுண்டு. அதனைச் சொல்லவே இச்சிறு வரலாற்றை முதற்கண் எடுத்துக்கொண்டோம்.

தேக்காச் சந்தைக்கு அணித்தே புக்கிட் தீமா சாலையில் இருப்பது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. மலாய் மொழியில் கெர்பாவ் என்றால் எருமை. கண்டாங் என்றால் தொழுவம். ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் மாட்டு வாணிகம் மிக்கிருந்ததால் வந்த பெயர் அது. 1924ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அஃது இலவச மகப்பேற்று மருத்துவமனை ஆயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன; நாளொன்றுக்குச் சராசரி 109. உலகில் ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் தொகையில் இதுவே பெரிது என்று கின்னஸ் நூல் குறித்தது. 1997இல் மருத்துவமனை அருகேயே புதுக் கட்டடத்திற்குப் பெயர்ந்தது. இன்று மக்கள் அதனைக் கே.கே. என்று சுருக்கி வழங்குகின்றனர். எருமைத் தொழுவம் என்ற பழம்பெயர் இரண்டு தலைப்பெழுத்துக்களுக்குள் ஒடுங்கி வாழ்கின்றது. தாம் எருமைத் தொழுவத்திற் பிறந்ததாக எவரும் நாணுவதில்லை.

அம் மருத்துவமனையில் இன்று ஒரு தமிழ்ப் பெண்குழந்தை பிறந்ததாகக் கொள்வோம். பிறந்த 42 நாட்களுக்குள் பிறப்பினைப் பதிவு செய்தல் வேண்டும் என்பது சட்டம். 2022 மே 29 முதல் பிறப்புச் சான்று தாளில் வருவதில்லை, மின்வடிவில் வருகின்றது. அந்நாட்களுக்குள் பெற்றோர் ஒரு பெயரைத் தேர்ந்தாக வேண்டும். பள்ளியில் வேறெந்தப் பிள்ளைக்கும் இல்லாத பெயராக இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் முதல் விருப்பம். தம் குடும்ப மரபினை நினைவூட்டுவதாகவும் இருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது விருப்பம். ஒருபுறம் சோதிடர் பிறந்த நட்சத்திரத்திற்கு உரிய எழுத்தினைக் குறித்துத் தருகின்றார். மறுபுறம் பெயர்ப் பட்டியல்கள் குவிகின்றன. அப்போது வீட்டுப் பெரியவர் ஒருவர், "நம் பாட்டி பெயரையே வைத்துவிடுங்களேன்" என்கின்றார். பாட்டியின் பெயர் பிச்சையம்மாள். வீட்டில் ஒரு மௌனம் நிலவுகின்றது.

இக்குடும்பம் நாம் கற்பித்துக்கொண்டதே. ஆயினும் இம்மௌனம் மெய்யானது. பல இல்லங்களில் நிலவுவது. இதன் வரலாறு நீண்டது.

பெயரும் மரபும் பிணைந்து வருதல் தமிழர்க்குப் புதியதன்று. மகனுக்கு மகனைப் பேரன் என்கின்றோம். அச்சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரை உடையவன் என்பது அதன் பொருள். பேர்த்தியும் அவ்வாறே. தொல்காப்பிய எழுத்ததிகாரம் தந்தை பெயரும் மகன் பெயரும் அடுத்து நிற்கும்போது எவ்வாறு புணரும் என்பதற்குத் தனி விதியே வகுக்கின்றது. சாத்தன் மகனாகிய கொற்றன் சாத்தங்கொற்றன் ஆவான். கொற்றன் மகனாகிய கொற்றன் கொற்றங்கொற்றன் ஆவான் என்று உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். அன்றியும், மகன் பெயரால் தந்தை அறியப்படும் வழக்கிற்கும் அந்நூலில் விதியுண்டு. ஆதன் தந்தை ஆந்தை ஆவான். பூதன் தந்தை பூந்தை ஆவான். ஆகவே பெயர் என்பது தலைமுறைகளைப் பிணைக்கும் கயிறு என்பதும், அக்கயிறு மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் செல்லும் என்பதும் நம் முன்னோர் அறிந்தவையே.

அரச குடிகளிலும் இவ்வழக்கினைக் காண்கின்றோம். சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை ஒருவர் விட்டு ஒருவராகப் பூண்டனர். செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் மூத்த பேரனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடுதல் வழக்கம். அவர்கள் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகளில் அமர்ந்து தொழில் நடத்திய காலத்தில், கடையின் விலாசம் என்று வழங்கிய தலைப்பெழுத்து வரிசையே முன்னோர் பட்டியலாக விளங்கியது.

நிற்க. இச்சிறப்பு எல்லார்க்கும் கிட்டியதா என்று நாம் கேட்டல் வேண்டும். மனுதர்ம சாத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் குழந்தைக்குப் பெயரிடும் முறையைக் கூறுகின்றது. பார்ப்பனக் குழந்தையின் பெயர் மங்கலத்தையும், அரச குலத்தான் பெயர் வலிமையையும், வணிகன் பெயர் செல்வத்தையும் குறித்தல் வேண்டும் என்று விதித்துவிட்டு, சூத்திரன் பெயர் இழிவினைக் குறித்தல் வேண்டும் என்கின்றது. பிறந்த குழந்தை கண் திறக்கும் முன்பே அதன் நெற்றியில் இழிவினை எழுதிவிடும் விதி இது. ஊர்களில் ஏட்டைப் பார்த்து எவரும் நடத்தினரா என்று சிலர் வினவலாம். ஏடு பார்க்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. உழைக்கும் மக்கள் தம் பிள்ளைக்கு மேற்குடியார் பெயரை இட்டால் அதனைச் செருக்கெனக் கொண்டு முகஞ்சுளித்தவர் இருந்தனர். இட்ட பெயரையும் முழுதாகச் சொல்லாமல் குறுக்கியும், முதியவரை 'அவன்', 'அவள்' என்று ஒருமையில் அழைத்தும் வந்தனர். அதே ஊரில் மற்றொருவர் பெயரின் பின்னே சாதிப் பட்டம் வால்போல நீண்டு மதிப்பினைப் பெற்றது.

ஆனால் எளிய பெயர்கள் யாவும் பிறர் சுமத்திய இழிவென்று முடிவு செய்துவிடுதல் தவறாகும். பிச்சை, குப்பை, குப்பம்மாள் என்னும் பெயர்களுக்கு வேறொரு கதையும் உண்டு. பிறந்த பிள்ளைகளை ஒன்றன்பின் ஒன்றாக மண்ணுக்குக் கொடுத்த தாய், அடுத்துப் பிறந்ததனை எவ்வாறேனும் காத்துக்கொள்ள விழைந்தாள். குழந்தையைக் குப்பையிற் கிடத்தி எடுத்தாள். பிறரிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்கினாள். 'இது மதிப்பற்றது, எவரும் விரும்பாதது' என்று சாவினை ஏமாற்றுவதற்காகப் பிச்சை என்று பெயரிட்டாள். பகுத்தறிவுக்கு இது பொருந்தாத நம்பிக்கையே. அம்மைப்பாலும் நல்ல குடிநீரும் மருத்துவச்சியும் காக்க வேண்டிய குழந்தையைப் பெயர் காக்காது. எனினும் அப்பெயரில் உள்ளது இழிவன்று. சுவரில் கோடு கிழித்துச் செத்த பிள்ளைகளை எண்ணிய தாய் ஒருத்தியின் அச்சமும் அன்பும் அதில் உள்ளன. பிச்சையம்மாள் என்னும் பெயருடைய மூதாட்டி, தனக்கு முன் பிறந்து மறைந்தோரின் சாட்சியாக வாழ்ந்தவள்.

இனிக் கடல் கடந்த கதையைப் பார்ப்போம். 1819ஆம் ஆண்டில் இராபிள்சுடன் பினாங்கிலிருந்து 'இந்தியானா' என்னும் கப்பலில் வந்த நாராயண பிள்ளையின் பெயர் வரலாற்றில் நிலைத்துள்ளது. 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலோடு அவர் பெயரையும் நாம் அறிவோம். ஆனால் 1825 முதல் 1873 வரை இங்குக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டுச் சாலைகளையும் மாளிகைகளையும் கட்டிய ஆயிரக்கணக்கான இந்தியருள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? 1910இல் ஒழிக்கப்படும் வரை ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு வந்தோரின் பெயர்களை எத்தனை குடும்பங்கள் காத்து வைத்துள்ளன? எழுத்தறியாத ஒருவர் தம் பெயரைச் சொன்னார். தமிழறியாத எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாயின. தந்தை பெயர் 'சன் ஆஃப்' என்றும் 'டாட்டர் ஆஃப்' என்றும் பின்னே ஒட்டப்பட்டது. சாத்தங்கொற்றன் என்று தமிழ் அழகுறப் புணர்த்த உறவினை, பதிவேடு ஒரு சாய்கோட்டினால் வெட்டிச் சேர்த்தது. மலேசியாவில் இன்று மலாய்ச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவ்வேலையைச் செய்கின்றன. தாயின் பெயருக்கு அவ்வரியில் இடமில்லை. பாட்டியின் பெயருக்கோ எவ்வரியிலும் இடமில்லை.

இந்நிலையிற்றான் சீர்திருத்தக் காற்று வீசிற்று. 1929ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் பின்னே சாதிப் பட்டத்தை இடுதல் ஒழிய வேண்டும் என்று தீர்மானித்தது. ஈ.வெ. இராமசாமிப் பெரியார் நாயக்கர் என்னும் பட்டத்தைத் துறந்தார். அவ்வாண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்தார், சிங்கப்பூரையும் கண்டார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. 1935இல் 'தமிழ் முரசு' பிறந்தது. அவ்விதழைப் பல்லாண்டு நடத்திய கோ. சாரங்கபாணியார் திருவாரூரில் 1903இல் பிறந்தவர். தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்த தமிழன் தன் பெயரை நிமிர்ந்து சொல்லக் கற்ற காலம் அது.

அதற்கு முன்பே 1916இல் சுவாமி வேதாசலம் தம் பெயரை மறைமலை அடிகள் என்று மாற்றித் தனித்தமிழ் இயக்கத்தினைத் தொடங்கியிருந்தார். வேதம் மறை ஆயிற்று. அசலம் மலை ஆயிற்று. தம் மக்கட்கும் அவர் அவ்வாறே செய்தார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். பின்னர் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆகவும், இராமையா அன்பழகன் ஆகவும் மாறி, நாடறிந்த தலைவராயினர். அவர் வழியில் ஆயிரமாயிரம் இல்லங்களில் அன்பும் அறிவும் செழியனும் கயல்விழியும் பிறந்தனர். வடமொழிப் பெயரே உயர்ந்த பெயர் என்ற மயக்கத்தினை இவ்வியக்கம் உடைத்தது. மனு இழிவென விதித்த மக்கள், வேந்தரின் பெயரையும் புலவரின் பெயரையும் தம் பிள்ளைகட்கு இட்டனர். எவரிடமும் இசைவு கேட்கவில்லை. இஃது ஒரு பெரும் விடுதலை என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும் சீர்திருத்தம் விரும்பும் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளல் வேண்டும். சாதிப் பட்டத்தைக் களைந்த கையினால் பாட்டியின் பெயரையும் சேர்த்துக் களைந்துவிட்டோமா? பல இல்லங்களில் அவ்வாறே நிகழ்ந்தது. கருப்பாயி, பிச்சையம்மாள், குப்பம்மாள் என்னும் பெயர்களை நாகரிகம் அற்றவை என்று ஒதுக்கினோம். அவ்வாறு ஒதுக்கியபோது நம்மை அறியாமலே மனுவின் மதிப்பீட்டினை ஏற்றுக்கொண்டவர் ஆனோம். இழிவு பெயரில் இருந்ததில்லை. அதனை இழிவென்று கண்டவர் கண்ணில் இருந்தது. கருமை இழிவென்று எண்ணினாலன்றோ கருப்பாயி என்னும் பெயருக்கு நாண வேண்டும்?

பட்டத்திற்கும் பாட்டியின் பெயருக்கும் உள்ள வேற்றுமை பெரிது. சாதிப் பட்டம் ஒரு மனிதரை நினைவூட்டுவதில்லை. பிறரோடு ஒப்பிட்டு இவர் மேல், அவர் கீழ் என்று வரிசைப்படுத்துவதே அதன் தொழில். ஒரு பட்டத்தினைக் கோடி பேர் சூடினும், அதில் ஒருவர் முகமும் தெரியாது. பாட்டியின் பெயரோ ஒரே ஒருத்தியைக் குறிக்கும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவள், பால்மரம் சீவியவள், சிராங்கூன் சாலையோரத்தில் மாவு இடித்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் என்று அவள் வாழ்வு அப்பெயரோடு வரும். குடும்ப மரபு எனப்படுவது இத்தகைய மனிதரின் நினைவே. குருதியின் தூய்மையோ குலத்தின் உயர்வோ அதனுட் சேரா.

குருதிக்கும் மரபுக்கும் தொடர்பு இன்றியமையாததன்று என்பதற்குச் சான்று நம் கண்முன்னே உண்டு. வறுமையினாலும், பெண்மகவினைச் சுமையெனக் கருதிய வழக்கத்தினாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண்குழந்தைகளைச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அக்குழந்தைகள் தமிழ்ப் பெயர் பூண்டு, தமிழ் பேசி, தமிழ் இல்லங்களின் தாயரும் பாட்டியரும் ஆயினர். தேக்காவில் சேலை உடுத்துத் தமிழில் விலை பேசும் சீன முகமுடைய மூதாட்டியரை நம்மவர் அறிவர். அத்தகைய ஒருத்தியின் பெயரைத் தாங்கும் பேர்த்தி எந்த மரபைத் தாங்குகின்றாள்? சாதிப் பட்டத்தால் இவ்வினாவுக்கு விடை சொல்ல இயலாது. பாட்டியின் பெயர் எளிதில் விடை சொல்லும்.

பெயரை மாற்றும் உரிமை எவர் கையில் இருக்கின்றது என்பதும் எண்ணத்தக்கது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இத்தீவினையே சியோனான்தோ என்று பெயர் மாற்றி ஆண்டனர். தென்திசை ஒளி என்று அழகிய பொருள் கூறினர். அதே அரசு 1940 முதல் கொரிய மக்களை ஜப்பானிய முறையில் குடும்பப் பெயர் பூணுமாறு நெருக்கிற்று. போர் முடிந்ததும் இரண்டும் மறைந்தன. அடிகளார் தம் பெயரைத் தாமே மாற்றியதும், ஆதிக்கம் பிறர் பெயரை மாற்றுவதும் ஒன்றாகா. தானே விரும்பி ஏற்பது தன்மதிப்பு; பிறர் அஞ்சுவித்து ஏற்பிப்பது அடிமைத்தனம். அங்ஙனமே, அயலார் நகைப்பார் என்ற அச்சத்தால் பாட்டி பெயரை மறைப்பதும் ஒருவகை அடிமைத்தனமே என்பதனை நாம் வலியுறுத்துகின்றோம்.

அவ்வாறாயின் குழந்தைக்குப் பிச்சையம்மாள் என்றே பெயரிட வேண்டுமா என்று இளம் பெற்றோர் கேட்பர். இடுவாராயின் நாம் மகிழ்வோம். ஆயினும் அதனை ஒரு கட்டளையாகச் சொல்லோம். பாட்டன் பெயரைச் சுமத்தியே தீர வேண்டும் என்று மருமகளை வருத்தும் மாமியார் கட்சியில் நாம் இல்லை. குழந்தை வாழப்போவது இந்நகரில். பல மொழியாரும் நாள்தோறும் அப்பெயரைச் சொல்வர். ஆகவே குழந்தைக்கு வேறொரு நல்ல தமிழ்ப் பெயரை இட்டு, பாட்டியின் பெயரை அதனோடு இரண்டாம் பெயராக இணைக்கலாம். பாட்டி பிறந்த ஊரின் பெயரையோ, அவள் செய்த தொழிலையோ, அவளுடைய நற்குணத்தையோ குறிக்கும் புதுச்சொல் ஒன்றை ஆக்கலாம். தந்தைவழியே மரபு என்று கொள்ளாமல், தாய்வழிப் பாட்டியையும் சம உரிமையோடு எண்ணிப் பார்க்கலாம். பதிவேட்டு வரியில் தாய்க்கு இல்லாத இடத்தினைக் குழந்தையின் பெயரிலேயே கொடுக்கலாம். முந்நகரழகி போன்ற பெயரினும் அரிதானது வேண்டுமாயின், அதனை அட்டவணைகளில் தேடுதல் வீண். அட்டவணையில் இருப்பதனை நாளை ஆயிரம் பேர் எடுத்துக்கொள்வர். தம் வீட்டு வரலாற்றிலிருந்து எடுக்கும் பெயரையோ வேறொருவர் எடுக்க இயலாது.

இரண்டினை மட்டும் விலக்குமாறு வேண்டுகின்றோம். ஒன்று, சாதிப் பட்டம்; அதனைப் பழம்பெருமை என்ற போர்வையில் மீண்டும் கொண்டுவருதல் கூடாது. மற்றொன்று, நட்சத்திர எழுத்து. குழந்தை பிறந்த நாழிகை எழுத்தினைத் தருமேயன்றி, அதனைப் பெற்றெடுத்தோர் கதையைத் தராது. எழுத்தினைப் பொருத்துவதற்காகப் பொருளற்ற ஒலிக்கூட்டம் ஒன்றைப் பெயரென்று இடுவோர், பின்னாளில் அக்குழந்தை 'என் பெயருக்கு என்ன பொருள்?' என்று கேட்குங்கால் வாய் அடைத்து நிற்பர்.

எப்பெயரை இட்டாலும், இட்ட காரணத்தை எழுதி வைத்தல் வேண்டும். மின்வடிவிலான பிறப்புச் சான்றில் பெயர் மட்டுமே உண்டு. அதன் கதை இல்லை. கப்பலேறி வந்தோர் எழுத்தறியாதவர். ஆதலின் தம் பெயரின் வரலாற்றினை எழுதாமற் போயினர். நமக்கு அவ்வாறு சொல்லித் தப்ப இயலாது. முதியோர் இன்னும் வீட்டில் இருக்கும்போதே, அவர்தம் தாய்க்கும் பாட்டிக்கும் என்ன பெயர், அப்பெயரை யார் இட்டனர், எதற்காக இட்டனர் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடுக. குழந்தையின் பெயர் பதிவாகும் அந்த 42 நாட்களே இதற்கு ஏற்ற காலம். பிச்சையம்மாள் என்ற பெயரைச் சொன்னபோது வீட்டில் நிலவிய மௌனத்தினைக் கலைத்து, "பாட்டிக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள்?" என்று எவரேனும் ஒருவர் கேட்பாராயின், குழந்தைக்கு வேண்டிய பெயரில் பாதி அப்போதே கிடைத்துவிடும்.